கோல் போட்டவன் ஆடினால் யாருக்கு வலிக்கிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் வாசகர் கடிதங்கள் பகுதியில் ஒரு அன்பர், இந்தக் காலக் கால்பந்து வீரர்கள், குறிப்பாகப் பிரேசில்காரர்கள், கோல் அடித்ததும் போடுகிற ஆட்டத்தைப் பார்த்தாலே எரிச்சலாக இருக்கிறது, அந்தக் காலத்தில் கை குலுக்கிவிட்டு அவரவர் இடத்துக்குப் போய் நின்றுகொள்வார்கள், பணம் வந்ததும் அடக்கம் போய்விட்டது என்ற தொனியில் எழுதியிருந்தார். படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. அவர் வயதில் பெரியவராக இருக்கலாம், மரியாதை குறைவாக எதுவும் சொல்ல வரவில்லை. ஆனால் அவர் சொல்கிற "அந்தக் காலம்" எது என்று மட்டும் எனக்குப் புரியவில்லை.

கை குலுக்கிவிட்டுத் திரும்பிய காலம் ஒன்று இருந்தது உண்மைதான். ஐம்பதுகளின் கறுப்பு வெள்ளைப் படச்சுருள்களைப் பார்த்தால், கோல் போட்டவர் ஏதோ வங்கியில் பணம் கட்டிவிட்டு வருகிற மாதிரி நிதானமாக நடுக்கோட்டுக்கு நடந்து வருவார். பிறகு கட்டிப்பிடிப்பதும் ஒருவர் மேல் ஒருவர் விழுவதும் வந்தது. அதையும் சும்மா விடவில்லை. 1980களின் தொடக்கத்தில் உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவே, இப்படி ஆண்கள் கட்டிக்கொண்டு முத்தம் கொடுத்துக்கொள்வது சகிக்கவில்லை, இதெல்லாம் நிறுத்தப்பட வேண்டும் என்று கண்டித்தது. ஆக, இன்றைக்கு நாம் சாதாரணமாக நினைக்கிற கட்டிப்பிடிப்புகூட ஒரு காலத்தில் "அளவு மீறல்"தான்.

அந்தக் கண்டனத்தின் சூடு ஆறுவதற்குள் 1982 ஜூலை 11 வந்தது. மாட்ரிட்டில் உலகக் கோப்பை இறுதிப் போட்டி, இத்தாலியும் மேற்கு ஜெர்மனியும். 69ஆவது நிமிடத்தில் இத்தாலியின் மார்கோ டார்டெல்லி பெனால்டி பெட்டிக்கு வெளியிலிருந்து இடது காலால் அடித்த பந்து உள்ளே போனது. அதற்குப் பிறகு அவர் ஓடிய ஓட்டம் இருக்கிறதே! இரண்டு கையையும் முஷ்டியாக மடக்கிக்கொண்டு, தலையை அப்படியும் இப்படியும் ஆட்டிக்கொண்டு, "கோல், கோல்" என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டு, கண்ணில் நீர் வழிய ஓடினார். ஒத்திகை பார்த்தது இல்லை, கேமராவுக்காகச் செய்தது இல்லை. பார்வையாளர் மாடத்தில் ஸ்பெயின் மன்னர் பக்கத்தில் இத்தாலியின் குடியரசுத் தலைவர் சாண்ட்ரோ பெர்த்தினி, வயது 85, நெறிமுறை எல்லாவற்றையும் மறந்து எழுந்து நின்று குதித்தார். மூன்றாவது கோல் விழுந்ததும், இனி எங்களைப் பிடிக்க முடியாது என்று விரலை ஆட்டிக் காட்டினார். ஒரு நாட்டின் தலைவரே, எதிரணி நாட்டின் தலைவர்களும் அமர்ந்திருக்கிற மாடத்தில்! யாராவது அவரைத் திமிர் பிடித்தவர் என்று எழுதினார்களா? கிழவர் எவ்வளவு வெள்ளந்தி என்று உலகமே ரசித்தது.

இதைத்தான் சொல்ல வருகிறேன். கொண்டாட்டம் கூடிவிட்டதா குறைந்துவிட்டதா என்பது பெரிய விஷயம் இல்லை. ஒரே காரியத்தை ஒருவர் செய்தால் உணர்ச்சி, இன்னொருவர் செய்தால் ஆணவம் என்று பெயர் வைக்கிறோமே, அதுதான் என் பிரச்சினை.

கேமரூனின் ரோஜர் மில்லாவை எடுத்துக்கொள்ளுங்கள். 1990 உலகக் கோப்பையின்போது அவருக்கு 38 வயது. கிட்டத்தட்ட ஓய்வு பெற்று, ரீயூனியன் தீவில் சின்ன கிளப் ஒன்றில் ஆடிக்கொண்டிருந்த மனிதர். நாட்டின் அதிபரே தலையிட்டு அவரை அணிக்குள் கொண்டுவந்தார். மாற்று ஆட்டக்காரராக இறங்கி ருமேனியாவுக்கு எதிராக இரண்டு கோல், பிறகு கொலம்பியாவுக்கு எதிராகக் கூடுதல் நேரத்தில் இரண்டு கோல். இதில் ஒன்று, கோல் கீப்பர் இகிடா பந்தை வைத்துக்கொண்டு வித்தை காட்டப் பார்த்தபோது பிடுங்கிப் போட்டது. ஒவ்வொரு முறையும் கார்னர் கொடிக்கு ஓடிப்போய், ஒரு கையை வயிற்றில் வைத்து, இன்னொரு கையைத் தூக்கி, இடுப்பை மெதுவாக ஆட்டினார். அதற்கு முன்பும் வீரர்கள் ஆடியிருப்பார்கள். ஆனால் உலகக் கோப்பையில் கார்னர் கொடி என்பது ஆடுவதற்கான இடம் என்று உலகத்துக்குக் காட்டியவர் அவர்தான். கேமரூன் காலிறுதி வரை போனது, இங்கிலாந்திடம் 3-2 என்று தோற்றது, அதுவும் போராடித்தான். அன்றைக்கு மில்லாவை எல்லோரும் ரசித்தார்கள். கூடவே, ஆப்பிரிக்கர்கள் ஜாலியாக ஆட வந்தவர்கள் என்ற ஒரு மெல்லிய ஏளனமும் அந்த ரசிப்புக்குள் இருந்தது என்பது என் அபிப்பிராயம். ஆட்டத்தைப் பார்த்தவர்கள், அந்த வயதில் எந்த இடத்தில் போய் நிற்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்ததைப் பற்றி அவ்வளவாகப் பேசவில்லை.

நான்கு வருடம் கழித்து டல்லாஸில் பெபெட்டோ. 1994 ஜூலை 9, பிரேசில் நெதர்லாந்து காலிறுதி. ரொமாரியோ ஆஃப்சைடு இடத்திலிருந்து பந்தோடு தனக்கு சம்பந்தமே இல்லாத மாதிரி நடந்து வந்துகொண்டிருக்க, நெதர்லாந்து தடுப்பாட்டக்காரர்கள் ஒரு நொடி அசந்து நிற்க, பெபெட்டோ புகுந்து கோல் கீப்பரைத் தாண்டிப் போட்டார். போட்டதும் கோட்டோரம் ஓடிவந்து இரண்டு கையையும் சேர்த்துக் குழந்தையைத் தாலாட்டுகிற மாதிரி ஆட்ட ஆரம்பித்தார். இரண்டு நாள் முன்புதான் அவருக்கு ஆண் குழந்தை பிறந்திருந்தது. ஒரு பக்கம் மஸின்ஹோ வந்து சேர்ந்தார், மறுபக்கம் ரொமாரியோ. மூன்று பேரும் இல்லாத குழந்தையை இடமும் வலமுமாக ஆட்டினார்கள். இது ஒத்திகை பார்த்ததா? இல்லை. ஆனால் அதற்குப் பிறகு உலகம் முழுக்க, நம் ஊர்த் தெரு ஆட்டங்கள் வரை, குழந்தை பிறந்தவர்கள் எல்லாம் அதையே செய்கிறார்கள். 2023 ஜூன் மாதம் புவனேஸ்வரில் வனுவாட்டுக்கு எதிராக நம் சுனில் சேத்ரி கோல் அடித்துவிட்டுப் பந்தைச் சட்டைக்குள் திணித்துக்கொண்டு, மனைவி கருவுற்றிருப்பதை அப்படியே நாட்டுக்கு அறிவித்தாரே, அதற்கும் பெபெட்டோ போட்ட பாதைதான். சேத்ரியை யாரும் அடக்கமில்லாதவர் என்று சொல்லவில்லை. சொல்லவும் முடியாது.

எனக்கு மிகவும் பிடித்தது இன்னொன்று. 2002 மே 31, சியோல். உலகக் கோப்பையின் முதல் ஆட்டம். ஒரு பக்கம் உலகச் சாம்பியனும் ஐரோப்பியச் சாம்பியனுமான பிரான்ஸ். மறு பக்கம் முதல் தடவையாக உலகக் கோப்பைக்கு வந்த செனகல், அதாவது பிரான்ஸ் ஆண்ட நாடு. செனகல் வீரர்களில் பெரும்பாலானோர் பிரான்ஸ் கிளப்களில் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தவர்கள். 30ஆவது நிமிடத்தில் எல் ஹாஜி டியூஃப் இடது பக்கம் கிழித்துக்கொண்டு போய்ப் பந்தைக் குறுக்கே அனுப்ப, பிரான்ஸ் வீரர் பெட்டியும் கோல் கீப்பர் பார்தேஸும் குழம்ப, கீழே விழுந்த நிலையில் பாப்பா பூபா டியோப் உள்ளே தட்டினார். எழுந்து கார்னர் கொடிக்கு ஓடினார். ஜெர்சியைக் கழற்றினார். அதை வீசி எறியவில்லை, புல்லின் மேல் விரித்து வைத்தார். மற்றவர்கள் ஒவ்வொருவராக ஓடிவந்து அந்தச் சட்டையைச் சுற்றி வட்டமாக ஆடினார்கள். தரையில் கிடக்கிற சட்டையைச் சுற்றி ஒரு நாடே ஆடியது என்று சொன்னால் கொஞ்சமும் மிகை இல்லை. ஆட்டம் 1-0 என்று முடிந்தது, பிரான்ஸ் அந்த உலகக் கோப்பையில் ஒரு கோல்கூட அடிக்காமல் ஊர் திரும்பியது. டியோப் 2020 நவம்பர் 29 அன்று காலமானார். சரியாக இரண்டு வருடம் கழித்து, அதே தேதியில், கத்தாரில் செனகல் அணி ஈக்வடாரை 2-1 என்று வென்றபோது கேப்டன் கூலிபாலியின் கைப்பட்டையில் டியோப்பின் 19ஆம் எண் இருந்தது. வெற்றி கோலை அடித்தவரும் கூலிபாலிதான்.

அந்தச் சட்டை விரிப்பை இன்றைக்குச் செய்தால் மஞ்சள் அட்டை. 2004இலிருந்து, சட்டையைக் கழற்றினால் நடுவர் கட்டாயம் அட்டை காட்டியாக வேண்டும். யோசிக்க இடமே இல்லை. கோல் செல்லாது என்று பிறகு அறிவித்தாலும் அட்டை அட்டைதான். நேர விரயம், சட்டைக்குள் எழுதிக்கொண்டு வரும் வாசகங்கள் என்று பல காரணம் சொல்கிறார்கள். விளம்பரதாரர் பெயர் டிவியில் தெரிய வேண்டிய நேரத்தில் சட்டை கையில் இருந்தால் அவருக்குக் கசக்காதா என்று ரசிகர்கள் கேட்பதும் நியாயமாகத்தான் படுகிறது. (இந்தச் சட்டம் வருவதற்கு முன் டியாகோ ஃபோர்லான் சட்டையைக் கழற்றிவிட்டு மறுபடி மாட்ட முடியாமல், கையில் பிடித்துக்கொண்டே கொஞ்ச நேரம் மேலாடை இல்லாமல் ஆடியிருக்கிறார். அது வேறு கதை.)

2010 இறுதிப் போட்டியில் இனியெஸ்டா என்ன செய்தார் என்பது தெரிந்ததுதான். 116ஆவது நிமிடம், ஸ்பெயின் வாழ்க்கையில் முதல் உலகக் கோப்பை. சட்டையைக் கழற்றினார், உள்ளே வெள்ளைப் பனியனில் கையால் எழுதியிருந்தது: "டானி ஹார்கே எப்போதும் எங்களோடு". ஹார்கே, இனியெஸ்டா ஆடிய பார்சிலோனாவின் பரம எதிரியான எஸ்பான்யோலின் கேப்டன். முந்தைய வருடம் ஆகஸ்டில், 26 வயதில், இத்தாலியில் பயிற்சி முகாமில் மாரடைப்பில் போய்விட்டார். இருவரும் சின்ன வயதிலிருந்து ஸ்பெயினின் இளையோர் அணிகளில் ஒன்றாக ஆடிய நண்பர்கள். நடுவர் ஹாவர்ட் வெப் அட்டையை நீட்டினார், வேறு வழியில்லை அவருக்கு. இனியெஸ்டா அதைத் திரும்பிக்கூடப் பார்த்ததாகத் தெரியவில்லை. அந்த டிசம்பரில் எஸ்பான்யோல் மைதானத்துக்குப் பார்சிலோனா ஆட வந்தது. சொந்த அணி ஐந்து கோல் வாங்கிக்கொண்டிருந்த நாளில் எஸ்பான்யோல் ரசிகர்கள் எழுந்து நின்று இனியெஸ்டாவுக்குக் கை தட்டினார்கள். ஒரு மஞ்சள் அட்டைக்கு இதைவிடப் பெரிய பதில் என்ன இருக்கிறது?

இப்போது நம் அன்பர் குறிப்பாகக் கோபப்பட்டிருந்த பிரேசில்காரர்கள் விஷயத்துக்கு வருகிறேன். 2022 டிசம்பர் 5, கத்தார் உலகக் கோப்பையில் தென் கொரியாவை முதல் பாதியிலேயே 4-0 என்று பிரேசில் நொறுக்கியது. ஒவ்வொரு கோலுக்கும் ஒரு நடனம். ரிச்சர்லிசன் கோல் போட்டுவிட்டுப் பயிற்சியாளர் டிட்டேயிடம் ஓட, அவரும் கையை மடக்கிப் புறா மாதிரி ஆடினார், 61 வயதில். ஐயோ, முன்னாள் வீரர் ராய் கீன் இங்கிலாந்து டிவி ஸ்டுடியோவில் உட்கார்ந்துகொண்டு கொதித்தார், இது எதிரணியை அவமதிப்பது என்று. முதல் கோலுக்கு ஆடியது பரவாயில்லை, ஒவ்வொரு தடவையுமா என்பது அவர் வாதம். அடுத்த ஆட்டத்தில் குரோயேஷியாவிடம் பெனால்டியில் பிரேசில் தோற்றதும், ஆடியதற்குத் தண்டனை என்று சொன்னவர்களும் உண்டு. ஆட்டம் போட்டதால் பெனால்டி தவறுமா? நடனம் ஆடாத அணிகளும் அந்த உலகக் கோப்பையில் தோற்றுத்தானே போயின.

சரி, அதே இங்கிலாந்தில் 2006இல் பீட்டர் கிரவுச் ரோபோ மாதிரி ஆடினார். இரண்டு மீட்டருக்கு மேல் உயரம், பார்க்கவே சிரிப்பு வரும். நாடே தலையில் வைத்துக் கொண்டாடியது. 2018 உலகக் கோப்பை இறுதிப் போட்டியில், ஆமாம் இறுதிப் போட்டியில், கிரீஸ்மான் பெனால்டி போட்டுவிட்டு ஒரு வீடியோ கேமில் தோற்றவனைக் கிண்டல் செய்ய ஆடும் ஆட்டத்தை ஆடினார், நெற்றியில் விரலை வைத்துக்கொண்டு. அது நேரடியாகவே எதிராளியைக் கேலி செய்யும் ஆட்டம். அதற்கு இந்த அளவு யார் கொதித்தார்கள்? பெரும்பாலோர் "பையன் கேம் பைத்தியம்" என்று சிரித்துவிட்டுப் போனார்கள்.

பிரேசிலின் வினிசியஸ் ஜூனியர் கதை இதைவிட மோசம். 2022 செப்டம்பரில், ரியல் மாட்ரிட் அட்லெட்டிகோ ஆட்டத்துக்கு முன்னால், ஸ்பெயின் டிவி நிகழ்ச்சி ஒன்றில் உட்கார்ந்திருந்த ஒரு வீரர்களின் ஏஜென்ட், ஆட வேண்டுமானால் பிரேசிலுக்குப் போ, இங்கே குரங்குச் சேட்டை பண்ணாதே என்ற அர்த்தத்தில் பேசினார். எங்கள் மொழியில் அது சும்மா ஒரு சொல் வழக்கு என்று பிறகு விளக்கமும் வந்தது. பெலேயிலிருந்து நெய்மார் வரை எல்லோரும் "ஆடு வினி" என்று எழுதினார்கள். அட்லெட்டிகோ மைதானத்தில் அவருடைய ரியல் மாட்ரிட் தோழர் ரோட்ரிகோ கோல் போட்டதும் இருவரும் சேர்ந்து ஆடினார்கள். மைதானத்துக்கு வெளியே அட்லெட்டிகோ ரசிகர்கள் என்ன பாட்டுப் பாடினார்கள் என்று இங்கே எழுத எனக்கு மனசில்லை. 2023 மே மாதம் வலென்சியாவில் அவரை இனவெறியோடு திட்டிய மூன்று ரசிகர்களுக்கு அடுத்த வருடம் எட்டு மாதச் சிறைத் தண்டனை கிடைத்தது. இவ்வளவுக்குப் பிறகும் "அவன் ஆடாமல் இருந்தால் பிரச்சினையே இல்லை" என்கிறவர்கள் இருக்கிறார்கள். 2019 ஏப்ரலில் இத்தாலியின் காலியாரி மைதானத்தில் யுவென்டஸ் அணியின் 19 வயது மொய்சே கீன், ஆட்டம் முழுக்கத் தன்னை இனவெறியோடு திட்டியவர்கள் முன்னால் கோல் போட்டுவிட்டுக் கையை விரித்துச் சும்மா நின்றான். ஆடக்கூட இல்லை. அவனுடைய சொந்த அணியின் மூத்த வீரர் பொனூச்சி, தவறு ஐம்பதுக்கு ஐம்பது என்றார்! கண்டனம் வந்ததும் மாற்றிப் பேசினார், அது வேறு.

பெண்கள் ஆடினால் இன்னும் ஒரு படி மேலே. 1999 பெண்கள் உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் அமெரிக்காவின் பிராண்டி சாஸ்டெய்ன் கடைசிப் பெனால்டியைப் போட்டுவிட்டுச் சட்டையைக் கழற்றி முழங்காலில் விழுந்தார், கலிஃபோர்னியாவில் 90,000 பேருக்கு மேல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆண்கள் பல வருடமாகச் செய்துகொண்டிருந்த காரியம். அதற்குள் விளம்பரத்துக்காகச் செய்தார் என்றும் ஒழுக்கம் கெட்டது என்றும் எத்தனை பேச்சு! 2019இல் அமெரிக்கப் பெண்கள் அணி தாய்லாந்தை 13-0 என்று வென்றபோது கடைசி வரை கொண்டாடினார்கள் என்று திட்டு வாங்கினார்கள். எனக்கும் அந்தப் பதின்மூன்று கொஞ்சம் அதிகமாகத்தான் தெரிந்தது, மறைக்க என்ன இருக்கிறது. ஆனால் அவர்களில் சிலருக்கு அது உலகக் கோப்பையில் முதல் கோல். பதினோராவது கோலாக வந்துவிட்டது என்பதற்காக அந்தப் பெண் மூஞ்சியைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்ப வேண்டுமா? 2022 ஜூலையில் வெம்ப்ளியில் ஐரோப்பியக் கோப்பை இறுதிப் போட்டியில் இங்கிலாந்தின் க்ளோயி கெல்லி 110ஆவது நிமிடத்தில் ஜெர்மனிக்கு எதிராக வெற்றி கோல் போட்டார். போட்டதும் ஒரு கணம் நின்று, கோல் செல்லுமா என்று உறுதி செய்துகொண்டு, அப்புறம்தான் சட்டையைக் கழற்றிச் சுழற்றிக்கொண்டு ஓடினார். மஞ்சள் அட்டை கிடைத்தது. ஆனால் 23 வருடத்துக்கு முன் சாஸ்டெய்ன் கேட்ட வசவு கெல்லிக்கு வரவில்லை. இந்த ஒரு விஷயத்தில் நாம் கொஞ்சம் திருந்தியிருக்கிறோம்.

அந்த ஒரு கணம் நின்றாரே, அதுதான் இப்போது கொண்டாட்டத்துக்கு வந்திருக்கிற உண்மையான கேடு. விஏஆர், அதாவது வீடியோ பார்த்து நடுவருக்குக் காதில் சொல்லும் முறை, வந்த பிறகு கோல் போட்டவன் முதலில் கோட்டோர நடுவரைப் பார்க்கிறான், பிறகு நடுவரின் காதைப் பார்க்கிறான். 2019 ஏப்ரலில் மான்செஸ்டர் சிட்டி டாட்டன்ஹாம் ஆட்டத்தில் ஸ்டெர்லிங் கடைசி நேரத்தில் அடித்த கோலுக்குப் பயிற்சியாளர் குவார்டியோலா கோட்டோரம் துள்ளி ஓடினார். மைதானமே வெடித்தது. சில நிமிடங்களில் ஆஃப்சைடு என்று கோல் போய்விட்டது, கூடவே சாம்பியன்ஸ் லீக்கும் போய்விட்டது. அவர் முழங்காலிட்டுத் தலையில் கை வைத்து அமர்ந்ததைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். தீர்ப்பு சரிதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஆட்டம் கெடுகிறது என்று அன்பர் எழுத வேண்டுமென்றால் இதைப் பற்றி எழுதியிருக்கலாம்.

எல்லை என்று ஒன்று வேண்டாமா என்றால், வேண்டும். 2013இல் ஏதென்ஸில் கத்திதிஸ் என்ற பையன் நாஜி வணக்கம் வைத்தான், கிரீஸ் தேசிய அணியில் ஆயுள் தடை போட்டார்கள், சரியான தண்டனை. 1999இல் லிவர்பூலின் ராபி ஃபவுலர், தன்னைப் போதைக்காரன் என்று வம்புக்கிழுத்த எவர்ட்டன் ரசிகர்கள் முன்னால் மைதானத்தின் வெள்ளைக் கோட்டை மூக்கால் உறிஞ்சுகிற மாதிரி குனிந்தார். அதற்கு அவருடைய பயிற்சியாளர் ஹூலியே சொன்ன சமாதானம்தான் இன்னும் சிரிப்பு மூட்டுகிறது: அது கேமரூன்காரர்களின் புல் மேயும் கொண்டாட்டமாம், அணியில் இருந்த ரிகோபெர்ட் சாங்கிடம் கற்றுக்கொண்டதாம். தப்பு செய்தவன் லிவர்பூல் பையன், பழி மட்டும் கேமரூன் மேல்.

அப்புறம், ஆட்டத்தை மதித்துக் கொண்டாடாமல் இருப்பவர்களும் உண்டு. 1974இல் டெனிஸ் லா தன் பழைய கிளப்புக்கு எதிராகக் குதிகாலால் தட்டிப் போட்டுவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். ரோமாவுக்காக ஆடிய பாடிஸ்டுட்டா, முன்பு தான் ஆடிய ஃபியரென்டினாவுக்கு எதிராகக் கோல் போட்டு அழுதார். அதுவும் ஒரு விதம். ஆனால் அது அவரவர் மனசு. பக்கத்து வீட்டுக்காரர் வந்து சொல்லி வருவதில்லை.

நான் இருக்கும் வடசென்னைப் பகுதியில் மாலையில் மாநகராட்சி மைதானத்துக்குப் போனால் பையன்கள் கோல் போட்டுவிட்டு ஓடி, காற்றில் பாதி சுற்றி, காலை அகட்டி இறங்கி ரொனால்டோ மாதிரி "சியூ" என்று கத்துகிறார்கள். ஷூ இல்லாமல் ஆடுகிற பையன்கூட. நம் சிராஜ் விக்கெட் எடுத்தால் கிரிக்கெட் மைதானத்தில் இதையே செய்கிறார். ஒரு தடவை அங்கே ஒரு பெரியவர், ஒழுங்காக விளையாடுங்கடா, இது என்ன கூத்து என்று அதட்டினார். பையன் "கோல் ஒழுங்காத்தான் அடிச்சேன் அண்ணே" என்றான்.

கடைசியாக உங்களிடம் ஒரு கோரிக்கை. விளையாட்டுப் பக்கத்தில் படத்துக்குக் கீழே ஒரு வரி எழுதுகிறீர்களே, அதைக் கொஞ்சம் கவனியுங்கள். ஐரோப்பிய வீரர் கையை விரித்து ஓடினால் "உற்சாகப் பெருக்கு", பிரேசில்காரரோ நைஜீரியக்காரரோ ஆடினால் "குத்தாட்டம்", பெண்கள் சட்டையைச் சுழற்றினால் "பரபரப்பு" என்று வருகிறது. ஒரே செய்கைக்கு ஒரே வார்த்தை போடுங்கள். முடிந்தால், அந்த ஆட்டம் எதற்காக ஆடினார் என்பதையும் ஒரு வரி சேருங்கள், பிறந்த குழந்தைக்கா, செத்த நண்பனுக்கா, திட்டியவர்களுக்கா என்று. டார்டெல்லி படம் போட்டால் பெர்த்தினி படத்தையும் பக்கத்தில் போடுங்கள், அன்பருக்குப் பிடிக்கும்.

இப்படிக்கு,
ஒரு கால்பந்து ரசிகர்,
சென்னை.